வடக்குப் பாதையும் அமைச்சர் ஆசனமும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பேருந்துகள் ஓயாது ஓடுகின்றன. அவற்றில் அமர்ந்து செல்வோருள், முன்னொரு காலத்தில் அதே வழியாகக் கால்நடையாய் வந்து சேர்ந்தவர்களை நினைப்போர் மிகச் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்ட ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கினர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா எனக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். கொள்ளை நோய்க்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் ஆயிரமாயிரம் பேர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதன்முதலில் கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளையே. அங்கிருந்துதான் அவர்கள் கங்காணிமாரின் பின்னே கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். நகரில் விளங்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலும், மாசி மாதத்தில் ஐந்து தேர்கள் பவனி வரும் அதன் பெருவிழாவும், அந்த மக்களின் பக்தியில் வேரூன்றி வளர்ந்தவை.

இவ்வாறு வந்த சமூகத்திலிருந்து ஒருவர், பிற்காலத்தில் இலங்கையின் அமைச்சரவையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இடம்பெற்றிருந்தார். அவரே சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக ஒப்புவிப்பது இன்றைய பேச்சின் நோக்கமன்று. சிறுபான்மை இனத்தார் ஒருவர் ஆட்சிபீடத்தில் உயர் பதவி ஏற்கும்போது, அப்பதவியால் அவருடைய மக்களுக்கு உண்மையில் விளைவது யாது? இந்த வினாவை முன்வைத்தே அவருடைய அரசியல் வாழ்வை நோக்க விரும்புகின்றேன்.

மலையகத் தமிழருள் முதன்முதல் அமைச்சரானவர் தொண்டமான் அல்லர். 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்ற பெரி சுந்தரம் அவர்கள், தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியானார். 1936 வரை அப்பதவியில் இருந்தார். ஆகவே, தோட்டத்து லயத்திற்கும் மந்திரியின் ஆசனத்திற்கும் இடையே வழி அக்காலத்திலேயே திறந்திருந்தது என்று கொள்ளலாம். எனினும், திறந்த வழி எப்பொழுதும் திறந்தே இருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது என்பதைப் பிந்திய வரலாறு காட்டிற்று.

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த முனப்புதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் கருப்பையா கூலியாளாக இலங்கைக்கு வந்து, கங்காணியாகி, இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் என்னும் தேயிலைத் தோட்டத்தை விலைக்கு வாங்கும் அளவிற்கு உயர்ந்தவர். மகன் 1924இல், பதினொரு வயதில், தந்தையாரிடம் வந்து சேர்ந்து, கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் கல்வி கற்றார். தொழிலாளரின் தலைவராக விளங்கியவர் தோட்ட முதலாளியின் மகன் என்பதை அவருடைய எதிரிகள் அடிக்கடி சுட்டிக்காட்டினர். அதில் உண்மை இருந்தது. ஆயினும் துரைமாரோடு ஒரே மேசையில் சமமாக அமர்ந்து பேசும் துணிவை அவருக்கு அளித்ததும் அந்தப் பிறப்பே என்பதையும் மறுத்தல் இயலாது.

1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். பிரிந்து கிடந்த இந்திய வம்சாவளி அமைப்புகளை ஒன்றுகூட்டி, இலங்கை இந்தியன் காங்கிரசைத் தோற்றுவித்தார். இளைஞராயிருந்த தொண்டமான் கம்பளைக் கிளையில் பணியைத் தொடங்கி, 1945இல் காங்கிரசின் தலைவரானார். அதன் தொழிற்சங்கப் பிரிவே பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் பெயரில் மலைநாடெங்கும் வேரூன்றியது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது தலைகுனிந்து நின்ற தொழிலாளி, சங்கத்தின் தோட்டத் தலைவர் முன்னிலையில் தலைநிமிர்ந்து தன் குறையைச் சொல்லத் தொடங்கினான். இந்தச் சங்கத்தின் வலிமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நாம் காணப்போகும் செய்திகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தொண்டமான் நுவரெலியாத் தொகுதியில் வெற்றி பெற்றார். தலவாக்கலைத் தொகுதியில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவுசெய்யப்பட்டார். காங்கிரசைச் சேர்ந்த வேறு சிலரும் பாராளுமன்றம் புகுந்தனர். மேலும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கு உதவின. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இந்தியத் தமிழர் எனப்பட்டோர் ஏறக்குறைய 780,000 பேர். அதாவது, நாட்டின் சனத்தொகையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்தோர். அந்த வாக்குப் பலமே அவர்களுக்கு ஆபத்தாயிற்று.

சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று காட்டுமாறு அது கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறலாம் என்றது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமோ, பிரசைகள் அல்லாதோரின் வாக்குரிமையை நீக்கிற்று. காங்கிரஸ் முதலில் விண்ணப்ப முறையைப் புறக்கணித்தது. பின்னர் மனம் மாறி, காலம் குறுகிய நிலையில் மக்களை விண்ணப்பிக்கத் தூண்டியது. அது தலைமையின் பிழையென்று கூறுவோர் கூற்றில் நியாயம் உண்டு. எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் சென்றன. ஆனால் பிரசாவுரிமை கிட்டியதோ ஒன்றரை இலட்சத்திற்கும் குறைந்தோருக்கே.

அக்காலத்திலேயே நம் வினா தமிழரிடையே எழுந்து அவர்களைப் பிளந்தது. 1948 செப்டெம்பரில் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் அமைச்சரவையிற் சேர்ந்தார். உள்ளே இருந்து நன்மை பெறலாம் என்பது அவர் தரப்பு வாதம். தோட்டத் தமிழரின் உரிமையைப் பறித்த அரசாங்கத்தோடு கூடுவது தகாதென்று கூறிப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அமைச்சர் ஆசனம் பாலமா, பொறியா என்னும் அந்த விவாதம், முப்பது ஆண்டுகளின் பின்னர் தொண்டமானை எதிர்நோக்கிக் காத்திருந்தது.

1952 ஏப்ரலில் கொழும்பில் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தை ஆரம்பித்தது. மாதக்கணக்காக அது நீடித்தும் சட்டம் அசையவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை. வாக்காளர் இல்லாத மக்களுக்குப் பிரதிநிதி ஏது? 1960இல் தொண்டமான் நியமன அங்கத்தவராகப் பாராளுமன்றத்திற்கு மீண்டார். 1965இல் மறுபடியும் நியமனம் பெற்றார். நியமன அங்கத்தவரை, பிரதமரின் ஆலோசனைப்படி, மகாதேசாதிபதியே நியமிப்பது வழக்கம். 1965இல் அப்பதவியில் இருந்தவர் மாத்தளை மண்ணின் மைந்தரான வில்லியம் கோபல்லாவ அவர்கள். தமக்கென வாக்கில்லாத இலட்சக்கணக்கான மக்களின் குரல், இன்னொருவர் அளிக்கும் நியமனத்தால் மட்டுமே சபையில் ஒலிக்க முடிந்த காலம் அது.

இதற்கிடையே, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். நாடற்றோர் எனக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசப்படும். 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களையோ அவர்களுடைய தலைவர்களையோ கேளாமல், சந்தைப் பொருள்போல் மனிதர் பங்கிடப்பட்டனர் என்பதே தொண்டமானின் மனக்குறை. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். மகன் இந்தியப் பிரசை, தாய் இலங்கைப் பிரசை என்று குடும்பங்கள் பிரிந்தன. நடந்து வந்த பாதையின் திசையிலேயே, வந்தவரின் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1972இல் வடகிழக்குத் தமிழ்க் கட்சிகளோடு தொண்டமானும் சேர்ந்து தமிழர் கூட்டணியை அமைத்தார். செல்வநாயகம், பொன்னம்பலம் ஆகியோருடன் கூட்டுத் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். ஆனால் 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டை மாநாடு தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்தபோது, அதில் அவர் உடன்படவில்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடக்கும் தோட்ட மக்களுக்குத் தனிநாடு எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். மாத்தளை மாவட்டத்தை நினைத்துப் பார்த்தால் அவ்வாதத்தின் பொருள் விளங்கும். இறத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை முதலிய இடங்களில் தோட்டமும் கிராமமும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. மாவட்டத்தில் தமிழர் ஏறக்குறைய பத்தில் ஒருவரே. அயலாரோடு கூடி வாழ்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

1977 ஜூலைத் தேர்தலில், மூவர் தெரிவாகும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில், தொண்டமான் மூன்றாம் அங்கத்தவராக வென்றார். 1978 செப்டெம்பரில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையிற் சேர்ந்து, கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். அதே மாதம் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வழித்தோன்றற் பிரசை, பதிவுப் பிரசை என்னும் வேறுபாட்டை அகற்றியது. தோட்ட மக்களுக்கு அது சிறு ஆறுதல். ஆயினும் கூட்டணி நண்பர்கள் அவரைக் கடிந்தனர்.

நேயர்களே, இத்தகைய சோதனை நம் நாட்டிற்கு மாத்திரம் உரியதன்று. மேற்காசியாவில், துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்னும் நான்கு நாடுகளில் பரவி வாழும் குர்திய இனத்தாரின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1962ஆம் ஆண்டு அக்டோபரில், சிரியாவின் ஹசக்கா மாகாணத்தில் ஒரே நாளில் எடுக்கப்பட்ட விசேட குடிசன மதிப்பினால், சுமார் 120,000 குர்தியர் தம் பிரசாவுரிமையை இழந்தனர். நம் தோட்ட மக்களுக்கு 1948இல் நேர்ந்ததை நினைவூட்டும் நிகழ்ச்சி இது. அண்டை நாடாகிய ஈராக்கில் தாஹா முகைதீன் மாரூப் என்னும் குர்தியர், எழுபதுகளின் நடுப்பகுதி தொடங்கி 2003 வரை உப சனாதிபதியாக இருந்தார். எத்துணை உயர்ந்த பதவி! ஆனால் 1988 மார்ச்சில் ஹலப்ஜா நகரின்மீது நச்சு வாயு வீசப்பட்டு ஆயிரக்கணக்கான குர்தியர் மாண்டபோதும், அந்த உப சனாதிபதி அப்பதவியிலேயே இருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய இனத்தாரின் இயக்கம் எதுவும் நிற்கவில்லை. அவ்வாசனம் அரசாங்கத்தின் முகப்பில் வைத்த அலங்காரமே ஆயிற்று. இதற்கு மாறாக, 2005இல் ஈராக்கின் சனாதிபதியான ஜலால் தலபானி என்ற குர்தியத் தலைவர், முப்பது ஆண்டுகளாகத் தாமே கட்டி வளர்த்த கட்சியின் வலிமையோடு அப்பதவிக்கு வந்தவர். அவருக்குப் பின் குர்தியரே அப்பதவி வகிப்பது மரபாயிற்று. ஆகவே பதவியின் பெயரை நோக்காது, அதை வகிப்பவரின் பின்னால் யார் நிற்கின்றனர் என்பதை நோக்க வேண்டும்.

இந்த அளவுகோலைத் தொண்டமானிடம் வைத்துப் பார்ப்போம். முதலில் அவர் தோற்ற இடத்தைச் சொல்வதே நேர்மை. 1977, 1981 ஆகிய ஆண்டுகளில் மலைநாட்டுத் தமிழர் தாக்கப்பட்டனர். அஞ்சிய குடும்பங்கள் பல, மூதாதையர் நடந்து வந்த அதே வடக்குப் பாதை வழியாக வவுனியாவிற்கும் அதற்கு அப்பாலும் சென்று குடியேறின. 1983 ஜூலையில் மாத்தளை நகரமும் தீயின் கொடுமையைக் கண்டது. தமிழரின் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. அப்போது தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். அவருடைய ஆசனம் அந்தத் தீயை அணைக்கவில்லை. அவர் பதவி துறந்திருக்க வேண்டும் என்று சொன்னவர் பலர். சினத்தில் பிறந்த சொல் அன்று அது, மானத்தில் பிறந்தது. அவரோ துறக்கவில்லை. வெளியேறினால் தோட்ட மக்களுக்காகப் பேச அந்த அறையில் எவரும் இரார் என்பது அவர் கணக்கு.

அக்கணக்கு சரியா பிழையா என்பதைப் பின் வந்த மூன்று ஆண்டுகளைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். 1984 ஏப்ரலில், அமைச்சராயிருந்த அவரே தலைமை தாங்கிய சங்கம், ஏனைய சங்கங்களோடு சேர்ந்து தோட்டங்களில் வேலைநிறுத்தஞ் செய்தது. அரசாங்கத்தின் அமைச்சரே அரசாங்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தை நடத்தும் விந்தையை நாடு கண்டது. அதன் பயனாகச் சம்பளம் உயர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்னும் நீதியும் கிடைத்தது. விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடை சுமந்து மலையேறும் பெண்ணுக்கு, ஆணின் சம்பளத்தை விடக் குறைத்துக் கொடுத்துவந்த நெடுநாள் வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

1986ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வேண்டி, தொழிலாளர் காலை வேளையில் மலையேறாமல் கோயில்களில் கூடி வழிபட்டனர். கல்லெறி இல்லை, கலகம் இல்லை. ஆனால் கொழுந்து செடியிலேயே முற்றிற்று. தேயிலையே நாட்டின் பெரும் அந்நியச் செலாவணியாயிருந்த காலத்தில், அந்த மௌனத்தின் பொருள் கொழும்பிற்கு விளங்கிற்று. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், உடன்படிக்கையில் இந்தியாவின் பங்கில் எஞ்சியிருந்த சுமார் 94,000 பேருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பிரசாவுரிமை அளித்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் மேலும் பலருக்கு வழி திறந்தது. இவ்வெற்றிக்குத் தொண்டமான் ஒருவரே காரணர் என்று கூறுதல் மிகை. 1985இல் திம்புவில் கூடிய தமிழ் இயக்கங்கள் பிரசாவுரிமையைத் தம் அடிப்படைக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தன. இந்தியாவின் அழுத்தமும் இருந்தது. எனினும் அமைச்சரவையில் ஒரு குரலும் தோட்டத்தில் ஒரு சங்கமும் ஒருங்கே இயங்கியிராவிடில், அந்தச் சந்தர்ப்பம் சட்டமாக மாறியிராது என்பதே என் கருத்து.

ஜயவர்த்தனா, பிரேமதாசா, விஜேதுங்கா, சந்திரிகா குமாரதுங்கா என நான்கு சனாதிபதிகளின் காலத்தில் அவர் அமைச்சராயிருந்தார். ஆட்சி மாறினும் அவர் ஆசனம் மாறவில்லை என்று ஏளனஞ் செய்தோர் உண்டு. அந்த ஏளனத்தையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. நீண்ட காலம் அதிகாரத்தின் அருகே இருந்தும், தொழிலாளியின் பெயரில் ஒரு துண்டு நிலமேனும் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. வெள்ளையர் காலத்து லயங்கள் பல அவ்வாறே நின்றன. தலைமை ஒரு குடும்பத்தின் உடைமைபோல் ஆயிற்று என்னும் குறையும் எழுந்தது. அன்றியும் அவருடைய பலம் நுவரெலியாவில் செறிந்த வாக்குகளின் பலம். மாத்தளைபோன்று தமிழர் சிறுதொகையாய்ச் சிதறி வாழும் மாவட்டங்களுக்கு அதன் நிழல் குறுகியே விழுந்தது. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோது, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் பல அரசாங்க நிருவாகத்திலேயே தங்கின. அங்குள்ள தொழிலாளரின் முறையீடுகள் கொழும்பைச் சென்றடைவது எளிதாயிருக்கவில்லை.

தொண்டமான் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், அமைச்சராக இருந்தபடியே காலமானார். சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தான தினத்திலிருந்து சரியாக முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த நாள் அது. இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோர் அனைவருக்கும் பிரசாவுரிமை வழங்கியபோது, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் அது உரியது என்று விதித்தது. மக்களைப் பங்கிட்ட நாளே, அவர்களை ஏற்றுக்கொள்ளும் நாளின் எல்லைக்கல்லாக நடப்பட்டது. 1948இல் பூட்டப்பட்ட கதவு முழுவதும் திறக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். சிறுபான்மையார் ஒருவர் உயர் பதவி ஏற்பதால் விளைவது யாது? ஆசனம் தனியே ஒன்றும் விளைப்பதில்லை. 1983இல் அமைச்சரிடம் ஆசனம் மாத்திரம் இருந்தது. மாத்தளையில் தீ எரிந்தது. 1986இல் அதே ஆசனத்தோடு, காலையில் மலையேற மறுத்து அமைதியாய் நின்ற இலட்சக்கணக்கான தொழிலாளரும் இருந்தனர்; சட்டம் மாறிற்று. பதவி பெற்றவரைப் போற்றும் நாம், அந்தப் பதவிக்கு வலுவூட்டிய அந்தப் பெயரறியா மக்களையும் போற்றக் கடமைப்பட்டவர்கள். மாசி மாதத்தில் மாத்தளைத் தேர்கள் வீதிக்கு வரும்போது, வடம் பிடிக்கும் கைகளைக் கவனித்துப் பாருங்கள். தேரின்மேல் வீற்றிருக்கும் தெய்வத்தை எல்லோரும் தரிசிக்கின்றோம். ஆயினும் தேர் நகர்வது அந்தக் கைகளாலேயே.